'ஃபேர்' என்னும் சொல்: அழகா, வெண்மையா, நடுவுநிலையா?

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் தமிழ் மாணவர் மிக விரைவிலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் 'ஃபேர்' என்பது ஒன்று. எழுத்தால் சிறியது, ஒலிப்பதற்கும் எளியது. ஆயினும் அதன் பொருள் யாது என்று வகுப்பில் வினவினால், நால்வர் நால்வகை விடை தருவர். வெளுத்த நிறம் என்பான் ஒருவன். நியாயம் என்பாள் ஒருத்தி. சந்தை என்பான் மூன்றாமவன். மதிப்பெண் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவனோ 'சுமார்' என்பான். நால்வர் கூற்றும் சரியே. ஆனால் நால்வருக்கும் அச்சொல்லைக் கற்பித்த முறை சரியன்று என்பது என் கருத்து.

மாணவர் கையாளும் சிறிய அகராதிகள் பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டு அடுக்கிவிடுகின்றன. எந்தப் பொருள் எதிலிருந்து பிறந்தது, எது முன்னது, எது பின்னது, எது முற்றிலும் வேறான சொல் என்பன கூறப்படுவதில்லை. மாணவன் தனக்குப் பழகிய பொருளை எடுத்துக்கொண்டு மேலே செல்கிறான். மொழிபெயர்ப்போரிலும் பலர் அவ்வாறே செய்கின்றனர். அதன் விளைவு யாதெனின், ஆங்கிலப் புலவன் அழகு என்று பாடிய இடத்தில் தமிழில் வெண்மை வந்து அமர்ந்துவிடுகிறது. இதனை வெறும் சொற்பிழை என்று தள்ளிவிடுதல் இயலாது. மூலத்தில் இல்லாத நிறத் தீர்ப்பொன்றை நாமே எழுதி, அதனை நம் பிள்ளைகளின் கையில் கொடுத்து, 'இதுதான் உலக இலக்கியம்' என்று சொல்கிறோம். அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் கறுத்த மேனியர் என்பதை மறத்தலாகாது.

முதலில் வேற்றாரை விலக்கிவிடுவோம். சந்தை, கண்காட்சி என்னும் பொருளில் வழங்கும் 'ஃபேர்' நம் சொல்லுக்கு உறவே அன்று. அஃது இலத்தீனில் திருநாளைக் குறித்த 'ஃபேரியா' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. திருநாளன்று கூட்டம் கூடும். கூட்டம் கூடிய இடத்தில் கடை விரியும். நம் கோயில் திருவிழாக்களைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பேருந்துக் கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபேர்' என்பதோ எழுத்திலும் வேறானது. பயணம் செய்தல் என்னும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. விடைபெறும்போது சொல்லும் 'ஃபேர்வெல்' இதன் கிளையே. 'நலமே சென்று வருக' என்பது அதன் நேர்ப்பொருள். சிறுவர் கதைகளில் வரும் 'ஃபேரி' என்னும் வனதேவதையும் அழகிலிருந்து பிறந்தவள் அல்லள். ஊழ் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் வழியே வந்தவள். அவளை வெள்ளை நிறத்தவளாகவே படம் வரைவதற்கும் அவள் பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இவர்களை விலக்கிய பின் எஞ்சி நிற்பது பழைய ஆங்கிலத்தில் 'ஃபேகர்' என வழங்கிய சொல். அங்கே அதன் பொருள் அழகு, இனிமை. அதன் இனச்சொல் ஒன்று, நான்காம் நூற்றாண்டில் விவிலியம் பெயர்க்கப்பட்ட காதிக் மொழியில் காணப்படுகிறது. ஆங்கு அதன் பொருள் அழகுகூட அன்று. 'தக்கது, பொருத்தமானது' என்பதே. ஆகவே இச்சொல்லின் அடியில் கிடப்பது தகுதி. இருக்க வேண்டியவாறு இருப்பது, கெடுப்பது ஒன்றும் இல்லாதிருப்பது என்று சற்று விரித்துக் கொண்டால், இதன் கிளைகள் பலவும் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

மேகம் கெடுக்காத வானம் 'ஃபேர்' வானம். சிங்கப்பூர் வானிலை அறிவிப்பில் இன்றும் இச்சொல் தனித்து நின்று, மழையில்லை என்பதை அறிவிக்கிறது. கப்பலுக்கு ஏற்ற திசையில் வீசும் காற்று 'ஃபேர்' காற்று. பாறையோ மணல்திட்டோ மறிக்காமல் கப்பல் செல்லக்கூடிய நீர்வழி 'ஃபேர்வே'. துறைமுக நகரத்தில் வாழும் நமக்குக் கோல்ப் திடலைக் காட்டிலும் இந்தப் பொருள் நெருக்கமானது. அடித்தலும் திருத்தலும் இல்லாமல் எடுத்தெழுதிய படி 'ஃபேர்' படி. மாசு படியாத பெயர் 'ஃபேர்' பெயர். வஞ்சனை கலவாத ஆட்டம் 'ஃபேர்' ஆட்டம். ஒரு சாராரின் பக்கம் சாயாத தீர்ப்பு 'ஃபேர்' தீர்ப்பு. வானத்திற்கும் நீதிமன்றத்திற்கும் என்ன தொடர்பு என்று திகைக்க வேண்டாம். இரண்டிலும் கெடுப்பது ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை.

ஆசிரியர்கட்கு இங்கே ஓர் உத்தியைச் சொல்லலாம். இச்சொல் எங்கே வந்தாலும் பொருளைத் தேடுவதற்கு முன் எதிர்ச்சொல்லைத் தேடுக. ஆட்டத்திலும் வானிலையிலும் இதன் எதிர்ச்சொல் 'ஃபவுல்'. அச்சொல்லின் பழம்பொருள் அழுகியது என்பது. நம் சிறுவர்கள் ஏமாற்றி ஆடுபவனைப் பார்த்து 'அழுகுணி ஆட்டம்' என்று கூவுவதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டுமானால் 'ஃபவுல்' என்பதே பொருந்தும். எடுத்தெழுதிய படிக்கு எதிர், கரட்டுப்படி. தேர்வு அறிக்கையில் இதற்குக் கீழே நிற்பது 'புவர்'. மேலே நிற்பது 'குட்'. தலைமயிரையும் மேனியையும் கூறும்போது மட்டுமே இதற்கு எதிராக 'டார்க்' நிற்கும். எதிர்ச்சொல் கறுமை அல்லாத இடத்தில் இதற்கு வெண்மை என்று பொருள் கொள்ளல் பிழை. இந்த ஒரு விதியை நினைவில் வைத்தாலே பாதி இடர் நீங்கும்.

இனி நிறத்தை நோக்குவோம். வெண்மேனி என்னும் பொருள் இச்சொல்லுக்கு எவ்வாறு வந்தது? அழகியது எது என்பதை அந்நாட்டார் தம் விருப்பப்படி முடிவு செய்தனர். வெளுத்த மேனியும் பொன்னிறக் கூந்தலுமே அழகு என்றனர். பிறகு அழகின் பெயரையே அந்நிறத்திற்கு இட்டனர். மேகம் வானத்தைக் கெடுப்பதுபோலக் கறுமை மேனியைக் கெடுக்கும் என்னும் எண்ணம் இதில் ஒளிந்து கிடக்கிறது. நிறம் இச்சொல்லில் ஏறிக்கொண்ட பொருளேயன்றி அடிப்பொருள் அன்று.

இதற்குச் சான்று வேண்டுவோர் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் உன்னதப்பாட்டு என்னும் பகுதியை எடுத்துப் பார்க்கலாம். முதல் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் தலைவி தான் கறுத்தவள் என்று தன் வாயாலேயே கூறுகிறாள். வெயில் தன்மேல் பட்டதென்று அடுத்த வசனத்தில் காரணமும் சொல்கிறாள். எட்டாம் வசனத்தில் அவளை விளித்துப் பேசும் குரல், பெண்களுக்குள்ளே மிகவும் 'ஃபேர்' ஆனவளே என்கிறது. அதே பெண், அதே அதிகாரம், இடையில் இருப்பன இரண்டு வசனங்கள். இச்சொல்லுக்கு வெண்மை என்று பொருள் கொண்டால், கறுத்தவளை வெளுத்தவளே என்று அழைத்ததாக முடியும். எபிரேய மூலத்தில் உள்ள சொல்லுக்கு அழகு என்பதே பொருள். தமிழ் விவிலியத்தைப் பெயர்த்தவர்கள் ஈண்டு 'ரூபவதி' என்ற சொல்லை ஆண்டனர். வடசொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் பொருளில் மயக்கமில்லை. மேனியின் நிறத்தை அவர்கள் உள்ளே விடவில்லை. மூல மொழியை நோக்கிப் பெயர்த்ததன் பயன் அது.

மற்றொன்று சிறுவர் கதை. கிரிம் உடன்பிறந்தார் 1812இல் செருமானிய மொழியில் வெளியிட்ட தொகுதியில் வரும் வெண்பனிப் பெண்ணின் கதையை அறியாத பிள்ளைகள் இல்லை. அரசி மாயக்கண்ணாடியைக் கேட்கும் கேள்வியில் செருமானியத்தில் நிற்பது 'மிக அழகியவள்' என்னும் சொல்லே. ஆங்கிலத்தில் பெயர்த்தோர் அதற்கு 'ஃபேரஸ்ட்' என்று இட்டனர். 1937இல் வெளிவந்த டிஸ்னி திரைப்படம் அதனை உலகெங்கும் பரப்பிற்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இக்கதையைக் கொணர்வோர் இச்சொல்லைக் கண்டதும் 'வெள்ளையானவள் யார்' என்று எழுதினால், செருமானியத்தில் இல்லாத ஒரு கேள்வியை அரசி கேட்டவளாகிறாள். அப்பெண்ணின் மேனி பனிபோல் வெண்மை என்று கதையே சொல்கிறதே எனச் சிலர் வாதிடக்கூடும். மெய்தான். ஆனால் அவளுடைய கூந்தல் கருங்காலி போன்றது என்றும் அதே கதை சொல்கிறது. அரசியின் பொறாமை நிறத்தைப் பற்றியது அன்று. அழகில் தான் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டதைப் பற்றியது.

இவ்வாறு கூறுவதால் எங்கும் நிறத்தை மறைத்துவிடுக என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டா. மறைப்பதும் பிழையே. சேக்சுபியரிடம் வரும்போது இது நன்கு விளங்கும். 1609இல் அச்சான அவருடைய பதினான்கடிப் பாடல்களுள் 127ஆம் பாடல், பழங்காலத்தில் கறுமையை அழகென யாரும் எண்ணவில்லை என்னும் கருத்தோடு தொடங்குகிறது. ஆண்டு நிற்கும் சொல் இதுவே. அழகு, வெண்மை என்னும் இரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. அந்த இரட்டைப் பொருளில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. 'ஒத்தெல்லோ' நாடகத்தின் முதல் அங்கத்தில், மகளை இழந்து வெகுண்டு நிற்கும் தந்தையிடம் வெனிசு நகரத் தலைவன் ஆறுதல் கூறுகிறான். நற்குணமே அழகாகுமெனில் உன் மருகன் கறுத்தவன் அல்லன், அழகியவனே என்பது அவன் கூற்றின் சாரம். பெருந்தன்மையாகத் தோன்றும் இக்கூற்று, கறுமையையும் அழகையும் எதிரெதிர் தட்டில் வைத்த பின்புதான் ஒத்தெல்லோவை அழகின் தட்டிற்கு மாற்றுகிறது. புகழ்ச்சியின் உள்ளேயே இழிவு இருக்கிறது. இதனைத் தமிழில் 'நல்லவன்' என்று மெழுகிவிட்டால் நாடகத்தின் ஒரு கூர்மையை மழுக்கிவிடுவோம். ஈண்டு 'வெளுப்பு' என்ற சொல் வரத்தான் வேண்டும். வகுப்பில் ஆசிரியர் நின்று விளக்கத்தான் வேண்டும்.

'மக்பெத்' நாடகத்தின் தொடக்கத்தில் சூனியக்காரிகள் இச்சொல்லையும் 'ஃபவுல்' என்பதையும் ஒன்றை ஒன்றாக்கிப் புரட்டுகின்றனர். பின்னர் மக்பெத் மேடையில் தோன்றிப் பேசும் முதல் அடியில், அன்றைய நாளைப் பற்றிச் சொல்லும்போது, அதே இரு சொற்களையும் தானறியாமல் வழங்குகிறான். அவன் கூறுவது வானிலையும் போரின் வெற்றியும். அவர்கள் கூறியது அறமும் மறமும். சொல் ஒன்றாக இருப்பதால்தான் அவர்கள் பிடியில் அவன் முன்னரே வீழ்ந்துவிட்டான் என்பது கேட்போர்க்குப் புலனாகிறது. தமிழில் ஓரிடத்தில் 'அழகு' என்றும் மற்றோரிடத்தில் 'தெளிவான நாள்' என்றும் பெயர்த்தால் அந்தக் கண்ணி அறுந்துபோம். 'நன்று, தீது' என்னும் இணையை இரண்டிடத்தும் ஆளலாம் என்பது என் எண்ணம். வானிலைக்கு அது சற்று இறுக்கமாக இருப்பினும் கண்ணி அறாது நிற்கும்.

இவ்வளவு சுமையைத் தாங்கும் ஒரு சொல் தமிழில் இல்லையா? ஒரு சொல் இல்லை; ஒரு குடும்பம் உண்டு. அதுதான் செம்மை. செந்நிறமும் நேர்மையும் அச்சொல்லில் கூடி நிற்கின்றன. அரசனின் நடுவுநிலை ஆட்சி செங்கோல். அதன் எதிர், வளைந்த கோலாகிய கொடுங்கோல். வள்ளுவர் ஐம்பத்தைந்தாம் அதிகாரத்தில் முன்னதையும் அடுத்த அதிகாரத்தில் பின்னதையும் வைத்தார். செவ்வி என்னும் சொல்லுக்குத் தக்க காலம், தகுதி, புதுமை, அழகு என்று பொருள் விரிகிறது. காதிக் மொழியில் தகுதியாகவும் ஆங்கிலத்தில் அழகாகவும் இருந்த சொல்லின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடப்பதை நோக்குக. செப்பம் என்பது இன்னும் வியப்பைத் தரும். நடுவு நிலைமை என்னும் பன்னிரண்டாம் அதிகாரத்தில் 112, 119 ஆகிய இரு குறள்களிலும் வள்ளுவர் நடுவுநிலையைச் செப்பம் என்றே குறிக்கிறார். நேரான வழிக்கும் பழந்தமிழில் செப்பம் என்று பெயர் உண்டு. மேடுபள்ளம் நீக்குவதைச் செப்பனிடுதல் என்கிறோம். திருத்தமாக எழுதிய படியைச் செப்பமான படி என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். கடலில் 'ஃபேர்வே', மேசையில் 'ஃபேர்' படி, மன்றத்தில் 'ஃபேர்' தீர்ப்பு ஆகிய மூன்றுக்கும் செப்பம் பொருந்துகிறது. மாணவர்க்கு இச்சொல்லை விளக்கும் ஆசிரியர் அகராதியை மூடிவிட்டுச் செம்மையின் குடும்பத்தைக் கரும்பலகையில் எழுதிக்காட்டலாம்.

ஆயினும் நாம் பெருமிதம் கொண்டு நின்றுவிடுதற்கில்லை. பேச்சு வழக்கில் வெளுத்த மேனியை நாம் என்ன சொல்லிக் குறிக்கிறோம்? 'பெண் சிவப்பு' என்கிறோம். செம்மையின் குடும்பத்திலும் மேனியின் நிறம் புகுந்துகொண்டது. திருமண விளம்பரங்களில் 'சிவந்த' என்பதும் 'அழகிய' என்பதும் பிரியாத இரட்டையராக வருவதைக் காண்கிறோம். ஆங்கிலேயர் அழகின் பெயரை நிறத்திற்கு இட்டனர் என்று அவர்களை மட்டும் குறைகூறுவது செப்பம் ஆகாது.

ஆனால் பழந்தமிழர் நோக்கு வேறாக இருந்தது என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. தொல்காப்பியம் குறிஞ்சிக்குச் சேயோனையும் முல்லைக்கு மாயோனையும் உரிமையாக்கிற்று. செந்நிறத்தவனும் கருநிறத்தவனும் இணையாக நிற்கின்றனர். தலைவியின் மேனி அழகைப் புலவர்கள் பாடும்போது மாமை என்னும் சொல்லைப் பலகாலும் ஆண்டனர். மாந்தளிரின் நிறத்தோடு அதனை ஒப்பிடுவர். அந்த மாமையைக் கெடுப்பது எது? பிரிவுத் துயரால் மேனியில் படரும் பசலை. பீர்க்கம்பூப் போன்ற வெளிறிய மஞ்சள் நிறம் அது. குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், தன் மாமை தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் பயன்படாமல் பசலைக்கு இரையாகப் போவதை எண்ணி வருந்தும் ஒரு தலைவியைக் காட்டுகிறார். கறுமை கலந்த நிறம் அழகாகவும் வெளிறுதல் அழகின் கேடாகவும் அமைந்த உலகம் அது. திருக்குறளின் 119ஆம் அதிகாரமாகிய பசப்புறு பருவரல் முழுவதும் இதன் விரிவே. சங்கப் பாடலொன்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஒருவர் மாமையுடைய தலைவியை 'ஃபேர்' என்று அழைத்தால், பழைய பொருளில் அது மிகப் பொருத்தம். இன்றைய பொருளில் முழு முரண். எந்தப் பொருளில் வாசகர் கொள்வார் என்பதை எண்ணித்தான் அவர் எழுத வேண்டும்.

மலாய் மொழியையும் சற்றுப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் மொழி அது. தெளிந்த வானிலைக்கும் வெளுத்த மேனிக்கும் மலாயில் 'செரா' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. விரும்பத்தக்க மேனி நிறத்தை லங்சாட் பழத்தின் மஞ்சளோடு ஒப்பிட்டுக் 'கூனிங் லங்சாட்' என்பர். ஆனால் நியாயத்தை அவர்கள் அரபியிலிருந்து பெற்ற 'அடில்' என்னும் வேறு சொல்லால் குறிக்கின்றனர். வானமும் மேனியும் ஒரு சொல்லில் அடங்கின. நியாயம் அதில் கலக்கவில்லை.

ஆங்கிலத்தில் கலந்தது. கலந்ததன் விந்தையை அண்மைக் காலத்தில் நாம் கண்கூடாகக் கண்டோம். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு பல நாடுகளுக்கும் பரவிற்று. நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் எழுந்த 2020ஆம் ஆண்டில் அப்பெயரிலிருந்த முதற்சொல் நீக்கப்பட்டு, 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. சிங்கப்பூரிலோ 2025 சனவரியில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. இனம், சமயம், மொழி, வயது, பால் முதலியவற்றைக் காட்டித் தொழிலாளரை வேறுபடுத்தி நடத்துதலைத் தடுப்பது அதன் நோக்கம். அதன் ஆங்கிலப் பெயரின் உயிர்ச்சொல் 'ஃபேர்னஸ்'. மேனியை வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்ற பூச்சுக்கும் 'ஃபேர்னஸ்' பூச்சு என்றே பெயர். மேனியின் நிறத்தைப் பாராதே என்று ஆணையிடும் சட்டத்தின் பெயரிலும் 'ஃபேர்னஸ்'. ஒரு சொல் தனக்குத்தானே எதிராக நிற்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எளிதில் கிடைப்பதில்லை.

சட்டத்தில் வரும் இப்பொருளைத் தமிழில் எவ்வாறு சொல்வது? அன்னா வியெர்சுபிக்கா என்னும் மொழியியலறிஞர் 2006இல் வெளியிட்ட நூலொன்றில், இந்த 'ஃபேர்' ஆங்கிலப் பண்பாட்டுக்கே உரிய கருத்து என்றும், பிற மொழிகளில் இதற்கு நேரான சொல் இல்லை என்றும் வாதிடுகிறார். செருமானியர் இச்சொல்லை அப்படியே கடன் வாங்கிக்கொண்டனர் என்பது அவர் வாதத்திற்குத் துணை செய்யும். ஆனால் தமிழைப் பொறுத்தவரை நான் உடன்பட மாட்டேன். மேற்காட்டிய பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்கிறது. நீதிமன்றமும் தண்டனையும் அங்கில்லை. கடைக்காரனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே சமனாக நிற்கும் ஒழுங்கே பேசப்படுகிறது. ஆங்கிலேயர் 'ஃபேர்' என்று சொல்வதும் அதுவே.

நம் குறை சொல் இல்லாமை அன்று; இருக்கும் சொற்களை வேறுபாடின்றி வழங்குவது. நீதி என்பதை மன்றத்திற்கும் சட்டத்திற்கும் விட்டுவிட்டு, நியாயம் என்பதை இச்சொல்லுக்கு உரியதாக்கலாம். தமிழ்நாட்டில் பங்கீட்டுக் கடைகளுக்கு 'நியாய விலைக் கடை' என்று பெயரிட்டவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர்; 'நீதி விலை' என்றால் எவர்க்கும் விளங்காது. சான் ரால்சு என்னும் அமெரிக்க மெய்யியலறிஞர் 1958இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு இவ்விரு சொற்களையும் அருகருகே நிறுத்துகிறது. அதனைத் தமிழாக்க முயல்வோர் 'நீதி என்பது நியாயமே' என்று எழுதினால் வாசகர்க்கு ஒரு சொல்லையே இருமுறை சொன்னதாகத் தோன்றக்கூடும். 'நடுவுநிலையாக நீதி' என்பது தெளிவு. எவரும் பிறரைவிட மேலான இடத்தில் நின்று பேரம் பேசாத நிலையிலிருந்து பிறக்கும் நெறிகளையே அவர் நீதி என்கிறார். அந்த நிலையைக் குறிக்க நடுவுநிலை என்பதைக் காட்டிலும் பொருத்தமான சொல்லை நான் அறியேன்.

இறுதியாகத் தேர்வு அறிக்கைக்கு வருவோம். அழகையும் மாசின்மையையும் குறித்த சொல் 'சுமார்' என்னும் நிலைக்கு எவ்வாறு இறங்கிற்று? குறைசொல்ல ஒன்றுமில்லை என்பது முதலில் பாராட்டு. நாளடைவில், பாராட்டவும் ஒன்றுமில்லை என்னும் குறிப்பு அதில் ஏறிக்கொள்கிறது. அளவைக் கூறும்போது இதே சொல் 'போதிய, கணிசமான' என்னும் பொருள் தரும். இதனை நம் மாணவர்க்கு விளக்க 'நல்ல' என்னும் சொல்லே போதும். நல்ல மனிதன் என்கிறோம்; நல்ல மழை என்கிறோம்; நல்ல அடி வாங்கினான் என்றும் சொல்கிறோம். அடியில் நன்மை ஏது? அளவுதான் உண்டு.

இதிலிருந்து பிறந்த 'ஃபேர்லி' என்னும் வினையடை நம் மாணவர் பலரையும் தடுமாறச் செய்கிறது. பெயரடைக்கு முன் நின்றால் அதற்கு 'ஓரளவு' என்று பொருள். வினையைத் தழுவி நின்றால் பெரும்பாலும் 'நியாயமாக' என்று பொருள். விடைத்தாள்கள் 'ஃபேர்லி' திருத்தப்பட்டன என்றால் ஓரவஞ்சனையின்றித் திருத்தப்பட்டன என்க. ஓரளவு திருத்தப்பட்டன எனல் பிழை. இன்னுமொரு நுட்பம் உண்டு. 'ஃபேர்லி' என்பது விரும்பத்தக்க தன்மையோடு சேரும். விரும்பத்தகாததோடு சேர்வது 'ராதர்'. சாறு 'ஃபேர்லி' சூடாக இருக்கிறது என்பவர் மேலும் ஒரு கிண்ணம் கேட்பார். 'ராதர்' சூடாக இருக்கிறது என்பவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார்.